தண்ணீர் குடிக்காத சம்மதம்

என் அக்கா புருஷன் குடும்பச் சண்டைகளைத் தீர்த்துவைக்கும் ஆலோசகர். இரண்டே அறை அலுவலகம். முன்னறையில் எழுத்தர் வேலைக்கு நான், பின்னறையில் மாமா. அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பிரிவதோ சேர்வதோ, யாராவது சட்டென்று "சரி" என்றால் ஏற்கவே மாட்டார். டம்ளரை நகர்த்தி, "தண்ணியக் குடி. எதுக்குச் சரின்னு உன் வாயால சொல்லு" என்பார். பாதிப் பேருக்கு டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மனசு மாறிவிடும்.

மாமாவுக்குக் காது மந்தம். கருவி இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். அன்று காலை அந்தக் கருவி செத்துக் கிடந்தது. அதை இயக்கும் செயலி அவர் போனில் இருந்தது. திறந்து பார்த்தால், கம்பெனியின் நிபந்தனைகள் மாறிவிட்டனவாம். ஒப்புக்கொண்டால்தான் காது!

வெளியே ஒரு பெண் காத்திருந்தாள். போன தடவை அவசரமாகச் சரி சொன்னவளை மாமாதான் தண்ணீர் குடிக்கவைத்து, யோசித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது கணவனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். இன்றைக்கு விட்டால் இனி வர முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

நிபந்தனைகளைத் தள்ளத் தள்ள அனுமார் வாலாக நீண்டன. நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது. சேவையை மேம்படுத்த, கருவியைச் சுற்றிக் கேட்கும் ஒலிகள் சேமிக்கப்படலாம். இந்த அறையில் பேசுகிற குடும்ப ரகசியமெல்லாம் கம்பெனிக்கா! வேண்டாம் என்று சொல்லப் பொத்தானே இல்லை. "பிறகு" என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் காதும் பிறகுதான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"அந்த ஒரு வரிக்கு மட்டும் சம்மதம் இல்லம்மா."

"அப்படிப் பிரிக்க முடியாது சார். எதுவா இருந்தாலும் கருவி வச்சிருக்கிறவர்தான் பேசணும். அவர்கிட்ட குடுங்க."

"அவருக்குக் காது கேக்காதும்மா!"

"கருவியப் போட்டுக்கச் சொல்லுங்க சார்."

போனைச் சுவரில் அடிக்காமல் விட்டேன் என்றால், அது என் காசில் வாங்கிய போன் என்பதால்தான்.

அந்த வரியை மாமாவுக்கு எழுதிக் காட்டலாம் என்று நான் பேனா தேடுவதற்குள், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை மாமா பார்த்துவிட்டார். தன் போனை எடுத்து "ஒப்புக்கொள்கிறேன்" என்பதை அழுத்தினார்.

"மாமா, படிங்க முதல்ல!" என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறேன்!

காது வந்தது. "உள்ள வாம்மா" என்றார். அவள் உட்காருவதற்குள் விஷயத்தைச் சொன்னேன். மாமாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவளிடம் மறைக்கவில்லை.

"நீ பேசறத இந்தக் கருவியும் கேட்டு வச்சுக்கலாம்மா."

"கழட்டிருங்க ஐயா."

"கழட்டினா நீ கத்தணும். வராந்தாவுக்கே கேக்கும். எழுதிக் காட்டறியா?"

"எழுத வராதுங்க." அவர் காதிலிருந்த கருவியைப் பார்த்தாள். "நான் எதுக்கும் சரின்னு சொல்லலையே ஐயா?"

"நான்தாம்மா சொன்னேன்."

அவள் மேசையில் இருந்த டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தண்ணி குடிச்சுட்டுச் சொன்னீங்களா?"

குத்தலாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லையென்று மாமா தலையாட்டினார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கருவி அருமையாக வேலை செய்தது. அவள் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.