பதின்மூன்று மார்க்

வீட்டில் எனக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவர் என் கணவர். இவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவசரப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய நர்ஸ் வேறு எப்படி இருப்பாள்? யாராவது வலி என்று கத்தினால் என் கை தானாக மருந்தைத் தேடும். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் போதை நோய்ச் சிகிச்சைக்கான சிறப்புப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டு வாரம். முடித்துவிட்டால் டாக்டரின் கையெழுத்துக்காக நிற்காமல் நாங்களே மருந்து எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முதலில் பொறுமை வேண்டுமாம். அது என்னிடம் மருந்துக்குக்கூடக் கிடையாது.

விஷயம் இதுதான். வலி மாத்திரைக்கு அடிமையானவருக்கு நாங்கள் கொடுப்பது நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற ஒரு சின்ன மாத்திரை. பழைய மாத்திரை உடம்பில் மிச்சம் இருக்கும்போது இதைக் கொடுத்தால், அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். நாள் கணக்கில் வரவேண்டிய அவஸ்தை அரை மணி நேரத்தில் மொத்தமாக வந்துவிடும். அதனால் பழையது இறங்கி, உடம்பு தவிக்க ஆரம்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும். தவிப்பை அளக்க ஒரு தாள் இருக்கிறது. நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி, கொட்டாவி, மயிர்க்கூச்சு என்று பதினொரு வரி. ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டினால் பதின்மூன்று வர வேண்டும். பன்னிரண்டு வந்தாலும் மாத்திரை கிடையாது.

மூன்றாம் வாரம் ஒரு தையல்காரப் பெண் வந்தாள். ஒன்பது மார்க்தான் தேறியது. அவள் அழுத அழுகையைப் பார்த்து, கைநடுக்கத்துக்கு ஒன்று போட வேண்டிய இடத்தில் நான்கு போட்டேன். பதற்றத்துக்கும் ஒன்று கூட்டினேன். பதின்மூன்று ஆகிவிட்டது. மாத்திரை கரைந்து அரை மணி நேரத்தில் தரையில் சுருண்டு வாந்தி எடுத்தாள். "உங்களை நம்பித்தானே வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்ப வரவே இல்லை. எங்களுக்குப் பயிற்சி தருகிற டாக்டருக்கு இருபத்தொன்பது வயது. என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். அவர் திட்டவில்லை. தாளை என் முன்னால் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த நாலு மார்க் யாருக்குப் போட்டீங்க சிஸ்டர்? அவங்களுக்கா, உங்களுக்கா?"

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு என் பொறுப்பில் அடுத்த ஆள் வந்தார். வேறொரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன். முப்பத்தெட்டு வயது. முதுகுவலிக்கு என்று ஆரம்பித்த மாத்திரை, நான்கு வருடமாக அவரை விடவில்லை. இதற்குமுன் இரண்டு இடங்களில் சேர்ந்து, இரண்டிலும் முதல் நாளே எழுந்து போனவர். கூட வந்த அவர் மனைவி என்னைத் தனியாக அழைத்து, "இதுதான் கடைசி சிஸ்டர். இதுக்கு மேல இழுத்துட்டு வர என்னால முடியாது" என்றாள். அழாமல் சொன்னதால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இன்றைக்கு இவர் எழுந்து போனால் அவ்வளவுதான்.

"கடைசியா எப்ப போட்டீங்க தம்பி?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு."

எழுதிக்கொண்டேன். ஆனால் ஏதோ இடித்தது. நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் ஆள் கொட்டாவி விட்டார். காலை ஆட்டினார். வெளியே வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், காலும் ஆடவில்லை, கொட்டாவியும் இல்லை, சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டாவியை நடிக்கலாம், கண்மணியை நடிக்க முடியாது. பதினாறு மணி நேரம் மாத்திரை போடாதவருக்கு அது விரிந்திருக்க வேண்டும். இவருக்குக் கடுகளவு இருந்தது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"தம்பி, இந்தத் தாள்ல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியும், ரெண்டு இடம் போய் வந்த உங்களுக்கும் தெரியும். யார் காதுல பூ சுத்துறீங்க?"

பயிற்சியில், நோயாளியிடம் சொந்தக் கதை பேசாதே என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் பேசினேன். தையல்காரப் பெண்ணைச் சொன்னேன். நான் கூட்டிப் போட்ட நான்கு மார்க்கைச் சொன்னேன், அவள் தரையில் கிடந்த கிடையைச் சொன்னேன். "நீங்க பொய் சொன்னா அதே கதிதான் உங்களுக்கும். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காலைல அஞ்சு மணிக்குப் போட்டேன். மூணு."

"அதை வந்தவுடனே சொல்றதுக்கு என்ன?"

"போன இடத்துல உண்மையைச் சொன்னேன் சிஸ்டர். வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்கன்னாங்க. நாளைக்கு வர்ற ஆளா இருந்தா நான் எதுக்கு இங்க வரேன்?"

அவர் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். முதல் மாத்திரையைக் கொடுத்தபின் இரண்டு மணி நேரம் ஆளைப் பார்க்க வேண்டும், ஐந்தரைக்குக் கிளினிக்கைப் பூட்ட வேண்டும். ஆகவே மூன்றரைக்குள் பதின்மூன்று வராத ஆளை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிடுவார்கள். தாளில் நேற்றைய ஆறு மணியை அடித்துவிட்டு இன்றைய ஐந்து மணியை எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்கு நான்கு மார்க். இரண்டு மணிக்கு ஏழு. இப்போது கால் நிஜமாகவே ஆடியது. எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னல் வரைக்கும் போனார், மறுபடி வந்தார். மூக்கு ஒழுகியது. நானும் சும்மா இல்லை. மருந்து அலமாரிச் சாவியை எடுப்பதும் வைப்பதுமாக வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். அவர் மனைவி என் வழியை மறித்தாள்.

"மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டே மனுசனைத் துடிக்க விடுறீங்களே, உங்க நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். "இப்ப கொடுத்தா இதைவிடத் துடிப்பாரும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்று இருபதுக்குத் தாளோடு உள்ளே போனேன். நாடி, வியர்வை, வயிறு, மூட்டுவலி என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் பத்து வந்தது. கடைசி வரி மயிர்க்கூச்சு. தடவிப் பார்த்தால் தட்டுப்பட வேண்டும், தட்டுப்பட்டால் மூன்று மார்க். அவர் கையைத் தடவினேன். முழங்கை வரைக்கும் மயிர் குத்திட்டு நின்றது. பத்தும் மூன்றும் பதின்மூன்று. பத்து நிமிடம் மிச்சம் இருக்கிறது. அப்பாடா என்று பேனாவைத் திறந்தேன்.

"சிஸ்டர்" என்றார் அவர். பல் கிட்டியிருந்தது. "ஏசி நேரா என் மேல அடிக்குது. அணைச்சுட்டுப் பாருங்க."

நான் அவரைப் பார்த்தேன். அணைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மூன்றரை தாண்டினால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள் என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன். காலையிலிருந்து என்னை ஏமாற்றப் பார்த்தவர் இவர்தான். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதது போல எழுதிவிடலாமா என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், தோன்றியது.

ஏசியை அணைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துத் தடவியபோது கை வழவழவென்று இருந்தது. பத்து மார்க்.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். மூச்சு வாங்கியது.

"பத்துதான் இருக்கு டாக்டர். இவரை இன்னைக்கு அனுப்பினா திரும்ப வரமாட்டார். நான் இருந்து பார்த்துக்கிறேன். எத்தனை மணியானாலும் சரி."

"நேரக் கணக்கு தெரியும்ல?"

"தெரியும். நாளைக்கு என்னைப் பயிற்சியை விட்டு அனுப்பினாலும் அனுப்புங்க. இன்னைக்கு அவரை அனுப்பாதீங்க."

அவர் தாளைப் படித்தார். ஏசி அணைத்தபின் என்று நான் ஓரத்தில் கிறுக்கியிருந்ததையும் படித்தார். "நர்ஸை மட்டும் விட்டுட்டுப் போக எனக்கு அனுமதி இல்ல சிஸ்டர்" என்றவர், போனை எடுத்து வீட்டுக்கு வர நேரமாகும் என்று யாரிடமோ சொன்னார்.

அதன்பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம். என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான ஒன்றே முக்கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. பிரசவ வலியில்கூட எனக்கு இவ்வளவு நீளவில்லை. அவர் வராந்தாவில் நடந்தார், நான் கூடவே நடந்தேன். தியேட்டரில் கத்தியை எப்படி அடுக்குவார்கள் என்று கேட்டேன், பாதி சொல்லிவிட்டுக் குப்பைத்தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தார். மனைவி முதுகைத் தடவினாள். "கொடுத்துடுங்க சிஸ்டர்" என்று இரண்டு தடவை கெஞ்சினார். இரண்டு தடவையும் முடியாது என்றேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து இருபதுக்கு, ஏசியும் இல்லாமல் காற்றாடியும் இல்லாமல் புழுங்குகிற அறையில், அவர் கையில் மயிர் குத்திட்டு நின்றது. கண்மணியும் விரிந்திருந்தது. கூட்டினேன். பதினைந்து. டாக்டரை அழைத்து அவரையும் ஒரு தடவை தடவிப் பார்க்கச் சொன்னேன். பிறகுதான் அலமாரியைத் திறந்தேன்.

மாத்திரை கரைந்தது. அரை மணி நேரம் நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாந்தி வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் தோள் இறங்கியது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அவர் மனைவி அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

ஏழரைக்குக் கிளம்பும்போது, "மிச்சம் இருந்த மாத்திரை எல்லாத்தையும் இவகிட்ட கொடுத்துட்டேன். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுறேன்" என்றார். பிறகு வாசலில் நின்று, "அஞ்சு மணிதான் சிஸ்டர் பயம். நாலு வருசமா அந்த நேரத்துல கை தானா போகும்" என்றார். நோயாளிக்குச் சொந்த நம்பர் தரக்கூடாது என்பது விதி. ஒரு துண்டுத் தாளில் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க தம்பி."

"எல்லாத்தையும் அவகிட்ட கொடுத்துட்டேன்னு சொன்னேன்ல சிஸ்டர். ரெண்டு ஒளிச்சு வச்சிருந்தேன். இப்ப கையில இருக்கு. இன்னும் போடல."

தூக்கி எறியுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

"எட்டு மணிக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு சிஸ்டர்."

"இருக்கட்டும்" என்றேன். "போனை மட்டும் வச்சிராதீங்க."

அவர் வைக்கவில்லை.