இடுப்பளவுத் தண்ணீர்

1

இந்தக் கதை பிறந்தது என் பெட்டியடியில். பழைய எழுத்துகளைப் புரட்டும்போது, வேண்டிய ஒருவருக்கு நான் கற்பனையில் எழுதியிருந்த சாவும், பின்னால் அவருக்கு நேர்ந்த சாவும் ஒன்றுபோல இருக்கக் கண்டேன். தற்செயல்தான். அப்படிச் சொல்லிக்கொண்டு பெட்டியை மூடினேன், நாகராஜனை உண்டாக்கினேன். என் பயத்தை அவன் சுமக்கட்டும்.

2

ஐப்பசி வெள்ளம் பெண்ணையாற்றின் கரையை

[வேண்டாம். வெள்ளத்தில் தொடங்கினால் உடனே கொலைகாரனைத் தேடுவீர்கள்.]

நாகராஜன், பெண்ணையாற்றுக்கு இக்கரையில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட குருவிநத்தத்தில் கரும்பு பயிரிடுகிறவன். வாலிபத்தில் நாடகம் எழுதும் கிறுக்கு. கேட்க ஆள் வேண்டுமே என்று, கட்டிக்கொண்டு வந்த காசம்மாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தான். அவள் அண்ணன் சம்மந்தமோ, "இன்னா மாப்ள, ஒன் நாடகத்து ராஜா இன்னும் அழுவுறானா?" என்று ஊர் நடுவில் சிரிப்பான். சிரிப்புக்குப் பயந்தே எழுத்து நின்றது.

1938இல் கரையான் ஏறியதால், நாடகத் தாள்கள் கிடந்த பழைய பெட்டியைத் திறந்தான் நாகராஜன். படிக்கப் படிக்க மனசு குளிர்ந்தது. இவ்வளவு நன்றாகவா எழுதினோம்? மறுபடி எழுதினால் என்ன? பூரிப்பில் ஒரு காட்சியை உருவி மனைவியிடம் நீட்டினான்.

ஆற்றில் வெள்ளம். நாடகத்தின் நாயகன் மைத்துனனிடம் சொல்கிறான்: "தண்ணீர் இடுப்பளவுதான், நீர் இறங்கும் மைத்துனரே." மைத்துனன் இறங்குகிறான். கரையேறவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன், அக்கரை இங்கிலீஷ் சீமைச் சந்தையில் மாடு பிடிக்க நாகராஜனோடு போன சம்மந்தம், பெண்ணையாற்றில் இறங்கிப் போனவன் போனவன்தான். நாகராஜன் மட்டும் வீடு திரும்பினான். "எவ்வளவோ தடுத்தேன், கேக்கல" என்று அழுதான்.

(குற்றவாளி தானாகவே இந்தத் தாளை எடுத்து நீட்டுவானா? மாட்டான் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். தன் எழுத்தின் மேலுள்ள மோகம் எதையும் மறக்கடிக்கும்.)

3

"இன்னாங்க இது?"

"கதைக்கு ஒரு சாவு வேணும்ல?"

"எங்கண்ணன் சாவுதான் கெடச்சுதா?"

"எழுதறப்போ அவன் உசுரோட இருந்தான்டி!"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அன்றிலிருந்து சோறு வந்தது, பேச்சு வரவில்லை. தாளை அடுப்பில் போடலாம். போட்டால் ஒப்புக்கொண்டது போலாகும். வைத்திருந்தாலோ அவள் படித்துக்கொண்டே இருந்தாள். அதைவிட மோசம், அந்த ஆற்றங்கரையை நினைக்கும்போதெல்லாம் "வேணாம்" என்ற சொல் அவன் காதில் விழவில்லை. நாடக வசனம்தான் விழுந்தது, அவன் குரலிலேயே. எழுதியது நினைவுக்குள் புகுந்துகொண்டதா? நடந்ததுதான் வெளியே வருகிறதா?

[இங்கே அவனைக் காப்பாற்ற ஒரு பத்தி எழுதியிருந்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.]

4

காசம்மாள் ஒருநாள் சம்மந்தத்தின் பெண்சாதி விருத்தாம்பாளைக் கூட்டிவந்து கூடத்தில் உட்காரவைத்தாள். தாளை அவன் கையில் கொடுத்தாள்.

"படிங்க. அண்ணி கேக்கட்டும்."

படித்தான். அந்த இடம் வந்ததும் நாக்கு புரண்டது. "தண்ணீர் கழுத்தளவு, இறங்காதீர்" என்று படித்தான்.

"அப்படி எழுதல நீ" என்றாள் காசம்மாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீ' என்றதில்லை.

விருத்தாம்பாளுக்குப் படிக்கத் தெரியாது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

"தாள்ல இருக்கறது கெடக்கட்டும். அன்னிக்கி எங்க வூட்டுக்காரர்கிட்ட இன்னா சொன்னீங்க?"

5

ஒரு முடிவில் அவன் "தடுத்தேன்" என்கிறான். விருத்தாம்பாள் நம்புகிறாள், காசம்மாள் நம்பவில்லை. இன்னொன்றில் "ஞாபகம் இல்ல" என்கிறான். அதுதான் உண்மை, ஆனால் ஒருவரும் நம்பவில்லை. மூன்றாவதை எழுதிப் பார்த்துக் கிழித்தேன். கிழித்ததற்குக் காரணம் கேட்காதீர்கள்.

நாகராஜன் வாயைத் திறந்துவிட்டான். எழுதியவன் நான் என்பதால் என் பேச்சும் இனி செல்லாது. அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள். மெல்லச் சொல்லுங்கள், இரண்டு பெண்களும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.