சூப்பில் இரண்டு முறை உப்பு

கருப்பையின் உட்சவ்வு போன்ற ஒன்று குடலில் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் பெண்களை வதைக்கும் நோய் ஒன்று உண்டு. அதை நன்றாகக் காட்டுவது அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா என்று அந்த மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அல்ட்ராசவுண்ட் பார்த்தவர் டாக்டரம்மா. எம்.ஆர்.ஐ. பார்த்தவர் அவருடைய கணவர். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அதனால் வீட்டில் வானிலையைத் தவிர வேறு பேச்சில்லை.

முப்பத்தொன்பதாவதாக, அன்றைக்கு ஒரே ஆளாக வந்தவள் ஒரு தையல்காரி. எட்டு வருஷ வலி. போன இடமெல்லாம் "வாயு" என்று அனுப்பிவிட்டார்கள்.

"இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லன்னா, இனிமே யார்கிட்டயும் வாயே தொறக்க மாட்டேன், டாக்டரம்மா."

"இப்பத் தொறங்க. எங்க வலிக்குதோ அங்க 'ஐயோ'ன்னு சொல்லுங்க, நிறுத்திடறேன்."

நான்காவது ஐயோவில் நின்ற டாக்டரம்மாவின் கை நகரவில்லை; திரையில் ஒரு கட்டி தெரிந்தது.

கணவர் பார்த்த படத்திலோ குடல் அசைந்து எல்லாம் கலங்கியிருந்தது. "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார், கையெழுத்துதான் பாக்கி.

டாக்டரம்மா எதையாவது கண்டுபிடித்த நாளில் உப்பை இரண்டு முறை போட்டுவிடுவார். அதற்குப் பயந்தே ஆராய்ச்சி நாட்களில் கணவர் சமைப்பார். அன்று கணவருக்கு பஸ் கிடைக்கவில்லை; அவர் வந்து சேர்வதற்குள் மனைவி சூப் வைத்துவிட்டார். ஒரு வாய் குடித்தார்.

"ஏன் முகத்தைச் சுளிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு மழை வருமாம்."

மனைவி எதையோ கண்டுபிடித்துவிட்டார். தான் எழுதியதை மாற்றினால் எம்.ஆர்.ஐ.யும் ஜெயிக்கலாம், யாருக்கும் தெரியாது. கடவுளுக்குத் தெரியுமே! மறுநாள் காலை அவர் ஆராய்ச்சித் தலைவியிடம் போய் நின்றார்.

"இந்த ஒரு கேஸ்ல என்னை நீக்கிடுங்க, மேடம். சூப் சொல்லிடுச்சு."

உப்புக் கதையைக் கேட்ட தலைவி சிரித்துக்கொண்டே பட்டியலில் முப்பத்தொன்பதாம் எண்ணைக் கோடு போட்டு அடித்தார்.

போட்டி போய்விட்டது, இனி அவர் வெறும் டாக்டர். தையல்காரியைத் திரும்ப அழைத்து, குளிருக்கு ஒரு போர்வை கொடுத்து, குடல் அசையாமல் இருக்க ஊசி போட்டு, மறுபடி படம் எடுத்தார். மனைவி கண்ட கட்டி கீழே இருந்தது. அல்ட்ராசவுண்ட் எட்டாத உயரத்தில் இன்னொன்றும் இருந்தது.

மனைவியின் அறைக்கு ஓடினார். "கீழ உன்னுது, மேல என்னுது!"

"அட, அவங்க குடலை நாம பாகம் பிரிச்சுக்கிட்டோமா?"

இரண்டையும் ஒரே ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன்.

"அப்ப இது வாயு இல்லையா?" என்றாள் தையல்காரி.

"இல்லம்மா."

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எழுதிக் குடுங்க. நல்லாப் பெருசா. என் மாமியாருக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது."

'வாயு அல்ல' என்று தாள் நிறைய எழுதி, கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அதை மடிக்கவில்லை. எதிரே வருபவர்கள் எல்லோரும் படிக்கும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்து போனாள்.