வலப்பக்கம் தேய்ந்த கரண்டி

பத்து மணிக்குப் பிரெபன் வருவார். அதற்குள் பன்னிரண்டாவது கரண்டி யாருடையது என்று தங்கமலருக்குத் தெரிந்தாக வேண்டும்.

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகர முதியோர் இல்லத்தில் அவள் பராமரிக்கும் காரெனுக்குத் தொண்ணூறு கடந்துவிட்டது. பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. அலுமாரிக்குள் வெல்வெட் பெட்டியில் பன்னிரண்டு வெள்ளிக் கரண்டிகள். பதினொன்றின் காம்பு ஓரத்தில் இரட்டை வரி ஓடியது. ஒன்று மட்டும் மொட்டை. அம்மாவின் கலியாணக் கரண்டியை எடுத்துவிட்டு யாரோ இதை வைத்திருக்கிறார்கள் என்று போன கிழமை மகன் பிரெபன் பொறுப்பாளரிடம் முறையிட்டிருந்தார். அந்தப் பெட்டியைத் திறந்து மினுக்குகிறவள் தங்கமலர் ஒருத்திதான்.

வெளியே கடல்மூட்டம். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்கூடக் கரைந்துபோயிருந்தன. காரென் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தங்கமலர் கரண்டிகளை யன்னலோரம் கவிழ்த்து அடுக்கிக் கைபேசிக் கமராவால் பெருப்பித்துப் பார்த்தாள். டென்மார்க் வெள்ளி தன் வயதைத் தானே சொல்லும். கேட்கத் தெரிந்தால் போதும். காம்பின் பின்புறம் பயறளவில் மூன்று கோபுர முத்திரை. கோபுரங்களின் காலடியில் இரண்டு இலக்கங்கள், அதுதான் ஆண்டு. பதினொன்றிலும் 54. சுவரில் மணக்கோலத்தில் காரென் சிரிக்கும் படத்திலும் அதே ஆண்டு. மொட்டைக் கரண்டியில் 3. அடுத்த இலக்கம் இருந்த இடம் வெறும் வழவழப்பு. முப்பதுகளில் ஏதோ ஓர் ஆண்டு. காரென் பிறந்ததும் முப்பதுகளில்தான். ஆனால் அவள் பழஞ்சாமான் கடையில் வாங்கி வைத்ததென்றும் பிரெபன் சொல்லலாமே.

கணவன் தவராஜாவுக்கு அழைப்பு எடுத்தாள்.

"நம்பர் அழிஞ்சுபோச்சப்பா."

"எதாலை மினுக்கினனீர்?"

"திருநீறாலை. ஒவ்வொரு சனியும்."

"வெள்ளைக்காரற்றை வெள்ளிக்குத் திருநீறோ? ஒரு சந்தனப்பொட்டும் வைச்சுவிட்டிருக்கலாம்."

"பகிடி விடாதேங்கோ. என்ரை வேலை போகப்போகுது."

"நான் வரட்டே, மலர்?"

"வேண்டாம்."

கைபேசியை வைத்துவிட்டுக் கரண்டியின் நுனியை விரலால் தடவினாள். கோப்பையை வழித்து வழித்து வெள்ளியும் தேயும். வலக்கையால் உண்பவரின் கரண்டி இடப்பக்கம் தேயும். தன் வீட்டுக் கரண்டிகளில் அவள் கண்டது அதுதான். பதினொன்றும் தேயவேயில்லை; விருந்தாளிகளுக்கென்று கிடந்தவை. மொட்டைக் கரண்டியோ தேய்பிறை போலச் சரிந்திருந்தது. வலப்பக்கம்.

இடக்கை. அவள் திரும்பிக் காரெனைப் பார்த்தாள். சாப்பாடு வைக்கும்போதெல்லாம் காரெனின் இடக்கை முன்னே வரும். "இந்தக் கையாலை, காரென்," என்று பிள்ளைகளுக்குப் பழக்கியது போலவே கரண்டியை எடுத்து வலக்கையில் திணிப்பாள். இரண்டு வருடமாக. நடுங்கிச் சிந்தினால் முதுமை என்று நினைத்து, துடைத்துவிட்டு, ஊட்டிவிடுவாள்.

கஞ்சிக் கோப்பையை மேசையில் வைத்தாள். அதன் முன்னால் நடுவாக, இரட்டை வரிக் கரண்டி ஒன்றையும் மொட்டைக் கரண்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். கதவு தட்டப்பட்டது. பிரெபனும் பின்னால் பொறுப்பாளரும். "ஒரு நிமிடம்," என்று டெனிஷ் மொழியில் சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

காரென் கண்ணைத் திறந்தார். போர்வைக்குள்ளிருந்து இடக்கை மெல்ல வெளியே வந்தது. இரட்டை வரியைத் தாண்டியது. மொட்டைக் காம்பைப் பெருவிரல் தேடிப் பிடித்தது.

பாதி கழற்றிய கோட்டுடன் பிரெபன் வாசலிலேயே நின்றார். மூட்டத்துக்குள் எங்கோ ஒரு கப்பல் ஊதியது. சரிந்த வெள்ளி விளிம்பு கோப்பையின் வளைவில் இடைவெளியில்லாமல் பொருந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் மெதுவாகச் சுற்றி வந்தது.