சாயம் பிடிக்காத கட்டி

குடலில் புற்றுக்கட்டி என்று ஒரு சாண் வெட்டி எடுத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பெரிய டாக்டர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு மருந்து ஏத்த வேண்டாம் ஐயா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டினா போதும்" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. பக்கத்துக் கட்டில்காரனுக்கும் இதே குடல், இதே கட்டி; அவனுக்கு ஆறு மாத மருந்து. எனக்கு மட்டும் ஒன்றுமில்லையாம். கைகழுவிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். போதாததற்கு, சோதனைத் தாள் எட்டு நாள் தாமதம். எட்டு நாளாக எதை மறைத்தார்கள்?

"நல்ல சேதிதானேப்பா சொல்றார்" என்றாள் மகள்.

"சாகப்போறவன்கிட்ட எல்லாரும் நல்ல சேதிதான் சொல்லுவாங்க. நீ சும்மா இரு."

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் கீழ்த்தளத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வெட்டிய கட்டியை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கிற டாக்டரம்மா அங்கே இருந்தார். என் மகள் வயசுதான்.

"ஐயா என்ன வேலை பார்த்தீங்க?"

"லாரிக்குப் பெயின்ட் அடிச்சேன். நாப்பது வருஷம்."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். செல்லுக்குள்ள பழுது பார்க்கிற புரதம் நாலு இருக்கு. இருந்தா நாங்க போடுற சாயம் பழுப்பாப் பிடிக்கும். உங்க கட்டியில ரெண்டுக்குப் பிடிக்கல. பழுது பார்க்க ஆள் இல்லாம கட்டி கன்னாபின்னான்னு மாறிடுது. உடம்பு அதை வேத்தாள்னு சீக்கிரம் கண்டுக்குது. உங்களுக்குக் குடலைத் தாண்டியும் பரவல. இந்த வகை திரும்பி வர்றது குறைவு. வழக்கமான மருந்தால இதுக்குப் பெரிசாப் பலனும் இல்ல."

"சாயமே கெட்டுப்போயிருந்தா? அப்பவும்தான் பிடிக்காது."

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"முதல் தடவை அப்படித்தான் ஆச்சு. கட்டியிலயும் பிடிக்கல, பக்கத்து நல்ல சதையிலயும் பிடிக்கல. நல்ல சதையில பிடிச்சே ஆகணும். அதனால அதைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து செஞ்சேன். அதான் எட்டு நாள்." கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "இப்பப் பாருங்க."

ஓரத்தில் நல்ல சதை, பழுப்புப் புள்ளிகளாக. நடுவில் கட்டி வெளிறிக் கிடந்தது. ஒரே கண்ணாடி, ஒரே சாயம். நல்ல தகரத்தில் ஒட்டித் துருவில் ஒட்டாத பெயின்டை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

"பிள்ளைங்களுக்கு வருமா?" என்றாள் மகள்.

"அதையும் பார்த்தாச்சு. வயசானதால வந்த கோளாறு. பரம்பரையா இறங்குற வகை இல்ல."

"எனக்குத் திரும்பி வரவே வராதா?" என்றேன்.

"அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன் ஐயா. அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா."

சத்தியம் பண்ணியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சொதப்பின வேலையைச் சொதப்பல் என்று ஒப்புக்கொண்டு, சுரண்டிப் போட்டு மறுபடி அடிக்கிறவர்களை நான் இதுவரை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இவர் மூன்றாவது.

வெளியே வந்ததும் மகள், "வீட்டுக்குத்தானே?" என்றாள்.

"இல்ல. முடி வெட்டணும்."

மருந்தில் எப்படியும் கொட்டப்போகிறது, எதற்கு வெட்டுவது என்று விட்டுவைத்திருந்தேன். காதை மூடிவிட்டது.

"கரடி மாதிரி இருக்கீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்."

"கரடிக்கு ஆயுசு கெட்டி. நட."