கழுவிய பாட்டிலும் நாத்தனார் செருப்பும்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் சுத்தம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. கதவை முழங்கையால்தான் தள்ளுவாள். மேசை துடைத்த துணியைத் துவைத்துக் காயப்போட்டு, அது காய்ந்த கம்பியையும் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

பக்கத்து இடத்துக்காரன் நேர் எதிர். அவன் மேசையில் பேனாவைத் தேடினால் போன வருஷம் தொலைந்த கைக்கடிகாரம் கிடைக்கும். அவனைக் குப்பை என்று கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பான்.

இருவருக்கும் ஒரே வேலை. எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து தாய்ச் செல்களை எடுக்க வேண்டும். இன்னும் எதுவாகவும் ஆகாத பச்சைப் பிள்ளைகள் அவை. சத்து நீரில் விட்டு வளர்த்தால், கிருமியை எதிர்க்கும் புரதத்தைப் பின்னாளில் சுரக்கப்போகிற பி செல்களாக வளர வேண்டும். குப்பையின் தட்டில் சமர்த்தாக அப்படித்தான் வளர்ந்தன. சுத்தம்மாவின் தட்டில் மட்டும், எதிர்ப்பட்டதை எல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும் விழுங்கிச் செல்களாகத் தடித்து நின்றன. எத்தனை தடவை செய்தாலும் அதே கதை.

"என்னக்கா, உங்க பிள்ளைங்க இன்னைக்கும் அடியாள் வேலைக்குத்தான் போயிருக்குதா?" என்று மைக்ராஸ்கோப் பக்கம் தலையை நீட்டினான் குப்பை.

"கைய எடு முதல்ல. லென்ஸ்ல ரேகை விழும்."

"அந்த ரேகையப் பாத்தே சொல்றேன், உங்களுக்கு நேரம் சரியில்ல."

சரியில்லைதான். ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசி மீட்டிங்ல காரணம் சொல்லும்மா. இல்லன்னா இந்த ஆராய்ச்சிய அவன்கிட்ட குடுத்துடுவேன்." அவளே யோசித்து, அவளே கேட்டு வாங்கிய ஆராய்ச்சி. அது போய் அந்த மேசையில் பிஸ்கட் உறைக்கு அடியில் கிடப்பதை நினைத்தாலே அவள் தன் மேசையை இன்னொரு தடவை துடைப்பாள்.

சத்து நீரில் கிருமி இருக்கிறதா என்று சோதித்தாள். பேருக்குக்கூட ஒன்று இல்லை. எப்படி இருக்கும்? சத்து நீரை ஊற்றி வைக்க, மற்றவர்கள் கம்பெனியிலிருந்து வரும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிரித்து அப்படியே உபயோகிப்பார்கள். யார் கை பட்டதோ என்று அவளுக்கு அது ஆகாது. கண்ணாடி பாட்டிலைத் தானே தேய்த்து, மூலையில் இருக்கும் கேன் தண்ணீரில் அலசி, பெரிய குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைத்து எடுப்பாள். அதில் எந்தக் கிருமியும் தப்பாது.

அன்றைக்குச் சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. டிவி மூச்சுக் காட்டவில்லை. பஸ் ஓட்டும் வீட்டுக்காரர், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், துணி மடித்துக்கொண்டிருந்தார். கணக்குப் புத்தகம் என்றாலே தலைவலி வரும் மகள், மேசையில் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?"

"மெதுவாப் பேசு," என்றார் அவர் கண்ணால் ஜாடை காட்டி. "அக்கா உள்ள தூங்குறாங்க போல."

அக்கா என்றால் அவருடைய அக்கா. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. நாலு நாள் தங்க வந்து வீட்டையே வரிசையில் நிறுத்திவிட்டுப் போன நாத்தனார்.

"அண்ணியக் காலையிலயே ரயில் ஏத்திவிட்டேனே!"

"அப்ப வாசல்ல கெடக்குற செருப்பு?"

"புதுசு வாங்கினாங்கல்ல, அதப் போட்டுட்டுப் போயிட்டாங்க. இது பழசு."

மகள் பென்சிலை வீசினாள். "அத்தை இல்லாமயே இவ்வளவு கணக்கப் போட்டுட்டேனா? ஐயோ, யாருமே சொல்லலையே!"

"ஆள் எதுக்குடி?" என்று மடித்த துணியின் மேலேயே சாய்ந்தார் அவர். "செருப்பப் பாத்ததும் எனக்குக் கை தானா ஓடுது."

சுத்தம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. நீராவி கிருமியைக் கொன்றுவிடும், சரி. செத்த கிருமியின் மேல்தோல் துண்டு துண்டாக அங்கேயே கிடக்குமே? அந்தத் துண்டுகள் நீராவிக்கு மசியாது. அவள் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். அந்தக் கேனுக்குள் யார் எப்போது கை விட்டுத் தேய்த்தார்கள்? அந்தத் தண்ணீரில் கிருமிக்கா பஞ்சம்? ஆள் போயாச்சு, செருப்பு பாட்டிலுக்குள்ளேயே கிடக்கிறது.

மறுநாள் மானத்தை விட்டுக் குப்பையிடம் போனாள். "உன் பிளாஸ்டிக் பாட்டில் ஒண்ணு குடு. என் பாட்டில்ல இருக்கிற சத்து நீர்ல உன் செல்ல வளத்துப் பாரு."

விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தான். "வளந்த செல்லுக்குக் கிருமித் தோல மோப்பம் பிடிக்கிற மூக்கு இருக்குன்னு தெரியும். எதுவாகவும் ஆகாத பிள்ளைக்குமாக்கா இருக்கும்?"

"அதத்தான் பாக்கணும்."

"அப்ப என் கூண்டுல ஒரு எலி இருக்கு. கிருமித் தோல மோப்பம் பிடிக்கிற அந்த மூக்கே இல்லாத ஜாதி. அதோட செல்லையும் உங்க பாட்டில்ல போடுவோம்."

முதல் தடவையாக அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. கையில் உறை மாட்டிக்கொண்டு.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள். "காரணம் நான்தான் மேடம். என் கழுவல்தான்." பின்வரிசையில் கொல்லென்று சிரித்தார்கள். படத்தைத் திரையில் போட்டாள். பிளாஸ்டிக் பாட்டிலில் அவள் செல்கள் சமர்த்துப் பிள்ளைகள். அவள் பாட்டிலில் குப்பையின் செல்கள் அடியாட்கள். அதே பாட்டிலில் மூக்கில்லாத எலியின் செல்களோ, ஊரில் என்ன நடந்தால் எனக்கென்ன என்று பி செல்களாக வளர்ந்திருந்தன.

சிரிப்பு அடங்கியது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ சண்டை வருதுன்னு தாய்ச் செல்லே மோந்து பாத்து, நிதானமா வளர வேண்டிய பிள்ளைய அவசர அடியாளா அனுப்புதுன்னு சொல்ற?"

"ஆமா மேடம். சண்டை வரலன்னாலும். செருப்பு கெடந்தா போதும்."

"எந்தச் செருப்பு?"

"அது... வீட்டு விஷயம் மேடம்."

ஆராய்ச்சி அவளிடமே இருந்தது. "அந்தக் கேன யாரும் தொடக் கூடாது," என்றார் மேடம். "எத்தனை துண்டு இருந்தா எத்தனை செல் மாறுதுன்னு கண்டுபிடி. இவனையும் கூட வெச்சுக்கோ." வெளியே வந்ததும் குப்பை சட்டைக் கையை மடித்தான். "பாட்டில் கழுவச் சொல்லிக் குடுங்கக்கா."

"மொதல்ல உன் கையக் கழுவு."

வீட்டில் போன் அடித்தது. நாத்தனார். "ஏம்மா, என் பழைய செருப்பு அங்கதான் கெடக்குதா? யார்கிட்டயாவது குடுத்து விடேன்."

சுத்தம்மா எட்டிப் பார்த்தாள். வாசலில் செருப்பு. உள்ளே கணக்குப் புத்தகத்தில் மகள். விஷயம் தெரிந்த பிறகும்.

"பரீட்சை முடியட்டும் அண்ணி," என்றாள்.