கோவிந்தசாமி கசிந்த வருஷங்கள்

1984ஆம் வருஷம் ஆனி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலை, புதுச்சேரி வம்பாக்கீரப்பாளையத்தில் கோவிந்தசாமியின் உடம்பிலிருந்து கச்சா எண்ணெய் கசியத் தொடங்கியது. முதலில் இடது முழங்கையில் ஒரு சொட்டு. பிறகு கழுத்து, அக்குள், உள்ளங்கால். அவன் மனைவி கமலவேணி வியர்வை என்று நினைத்துத் துண்டால் துடைத்தாள், துண்டு கறுத்துப்போனது. அன்றைக்கு வஞ்சிரம் வரத்து இல்லை, கானாங்கெளுத்தி மலிவு.

கோவிந்தசாமி வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கப்பலில் பம்ப் பார்க்கிற வேலையில் ஆறு வருஷம் இருந்தவன். அங்கே இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. தரையில் எவராலும் ஜெயிக்க முடியாததால், மற்றவன் எண்ணெயை ஏற்றிப்போகிற கப்பல்களை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். வைகாசியில் இவன் கப்பலுக்கு அடி விழுந்தது. எண்ணெய் மிதந்த கடலில் ஏழு மணி நேரம் நீந்தி, கம்பெனி கொடுத்த புதுச்சட்டையோடு வீடு வந்து சேர்ந்தான். நடந்ததைக் கமலவேணியிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். "கடலு எரிஞ்சுது கமலம். சமையக்காரன் ராமலிங்கம் இருந்தான்ல, காரைக்காலுக்காரன், அவன் 'தண்ணி எரியுமாடா'ன்னு கேட்டுக்கினே முங்கினான். நான் இந்தப் பக்கம் எழுந்துட்டேன். அவன் எழவே இல்ல."

ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பலகாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். டில்லியிலிருந்து வந்த ஓர் அதிகாரி மூன்று நாள் தங்கி அளந்தார். நிலத்துக்கடியில் எண்ணெய் கிடைத்தால் அது சர்க்காருக்குச் சொந்தம், மனுஷன் தோலுக்கடியில் கிடைத்தால் அதற்கு ஃபாரம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். கமலவேணியோ தானாகவே அவன் உடம்பின் நேரங்காலத்தைப் புரிந்துகொண்டாள். விடியலில் வருவது கிருஷ்ணாயில் மாதிரித் தெளிவாக இருக்கும், மத்தியானம் டீசல், சாயங்காலம் தார். ரேஷன் கடையில் மாதக் கணக்கில் மண்ணெண்ணெய் வராத காலம் அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையில் பாட்டிலோடு வந்தார்கள், ஆண்கள் படகுக்குப் பூசத் தாருக்கு வந்தார்கள். கமலவேணி யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கோவிந்தசாமி பீடி குடிக்கக் கூடாது, அவன் இருக்கும் இடத்திலிருந்து அடுப்பு பத்துக் கோல் தள்ளி இருக்க வேண்டும், இந்த இரண்டைத் தவிர அவள் வேறு சட்டம் எதுவும் போடவில்லை.

எண்ணெய் எல்லா நாளும் ஒரே மாதிரி வரவில்லை. சில நாள் ஒரு தம்ளர், சில நாள் இரண்டு குடம். வளைகுடாவில் எந்தக் காலையில் கப்பல் எரிகிறதோ அந்தக் காலையில் இங்கே இவன் பொங்குகிறான் என்பதை ரேடியோச் செய்தியோடு ஒத்துப் பார்த்து முதலில் சொன்னவள் மேற்குத் தெரு செல்வாம்பாள், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அதிலிருந்து செய்தி நேரத்தில் தெருவில் பேச்சுமூச்சு இருக்காது. கப்பல் மூழ்கியது என்று கேட்டதும் பாட்டில்கள் கிளம்பும். சமாதானப் பேச்சு என்று கேட்டால் பெண்கள் முகம் சுருங்கிப்போகும். 85ஆம் வருஷம் மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு இறங்கியிருந்தபோது, செல்வாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு உரக்கவே வேண்டினாள்: "தாயே, அந்த ரெண்டு நாட்டுக்காரனும் சமாதானமாயிடக் கூடாது. எங்க அடுப்பு எரியணும்."

பக்கத்தில் நின்ற கமலவேணி காதில் அது விழுந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கோவிந்தசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கண்ணிலிருந்தும் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. அன்றும் எங்கேயோ ஒரு கப்பல் எரிந்திருக்கிறது. அவள் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் சாத்தித் தாழ் போட்டாள். இனி ஒரு சொட்டும் கிடையாது என்று சன்னல் வழியாகச் சொன்னாள்.

அந்த வீட்டின் வாசல் கிழக்குத் தெருவைப் பார்த்தது, கொல்லை மேற்குத் தெருவைப் பார்த்தது. அதுவரை இதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. இப்போது வாசல் இருக்கும் தெருவுக்கே வீடு சொந்தம் என்றது கிழக்கு. அவன் கட்டில் கிடப்பது கொல்லைப் பக்கம், ஆகவே எண்ணெய் தங்களுடையது என்றது மேற்கு. பதினைந்து நாள் சண்டை நடந்தது. துடுப்பு, மீன்கூடை, தேங்காய் மட்டை எல்லாம் பறந்தன. மேற்குக்காரர்கள் கொல்லைக் கதவைப் பெயர்த்துக் கட்டிலோடு அவனைத் தூக்கிப்போனார்கள். கிழக்குக்காரர்கள் மீட்டு வந்தார்கள். இரு தரப்பின் கையிலிருந்தும் அவன் பலமுறை வழுக்கி விழுந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா தணிகாசலம், கெப்பித் தொப்பி வைத்துக்கொண்டு, காலையில் கிழக்குக்கும் மாலையில் மேற்குக்கும் மணலில் வரைபடம் போட்டுப் போர்முறை சொல்லிக் கொடுத்தார்.

"முசியே, நீங்க யாரு பக்கம்?" என்று கமலவேணி சன்னல் வழியாகக் கேட்டாள்.

"நான் எண்ணெய் பக்கம்மா" என்றார் அவர். "அல்ஜீரியா சண்டையிலயும் அப்பிடித்தான் இருந்தோம்."

பதினாறாம் நாள் உச்சிப்பொழுதில் வலது கையைக் கிழக்கும் இடது கையை மேற்கும் பிடித்து இழுத்தபோது, கோவிந்தசாமி இரண்டு பிடியிலிருந்தும் நழுவி நேரே கடலுக்கு ஓடினான். மார்பளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டான். அன்றைக்குப் பார்த்து வளைகுடாவில் இரண்டு பெரிய கப்பல்களுக்கு அடி விழுந்திருந்தது. மூன்று நாள் அவன் அங்கேயே நின்றான். எண்ணெய் வடக்கே பிள்ளைச்சாவடி வரைக்கும் தெற்கே தேங்காய்த்திட்டு முகத்துவாரம் வரைக்கும் கறுப்புப் பாய் மாதிரி விரிந்தது. காரப்பொடியும் சங்கராவும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஒதுங்கின. நண்டுகள் வளையைவிட்டு வந்து, நடக்க முடியாமல் வழுக்கிவழுக்கித் தண்ணீருக்கே திரும்பின. வலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. செல்வாம்பாள் விற்ற கவளை மீன் ஒரு வக்கீல் வீட்டு வாணலியில் தானாகவே பற்றிக்கொண்டு எரிந்தது என்று மார்க்கெட்டில் பேச்சாகி, கூடையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தெருவில் ஒரு வீட்டிலும் உலை வைக்க வழியில்லை.

நான்காம் நாள் கமலவேணி புடவையோடு இறங்கி அவனிடம் போனாள்.

"வெளிய வாய்யா."

"நான் வந்தா அடிச்சிக்குவாங்க கமலம்."

"நீ இங்க நின்னா எல்லாம் செத்துப்போவும். சுத்திப் பாரு."

அவன் அதுவரை சுற்றிப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தான். "அங்கயும் இப்பிடித்தான் மிதந்துது" என்றான். அப்போது அவன் கண்ணிலிருந்து வெறும் தண்ணீர் வந்தது என்று கமலவேணி பிற்பாடு சொன்னாள். அவன் கையைப் பிடித்தால் வழுக்கும் என்பதால், முந்தானையை அவன் இடுப்பில் சுற்றிக் கட்டி, மாட்டை ஓட்டி வருவதுபோலக் கரைக்குக் கொண்டுவந்தாள்.

கரையில் முதல் கோணியோடு நின்றவள் செல்வாம்பாள். கோணி நிறையத் தேங்காய் நார். "அண்ணி, அந்த வேண்டுதல வாபஸ் வாங்கிட்டேன்" என்றாள்.

"அம்மன் இன்னா சொல்லிச்சு?"

"கேட்டிருக்கேன். பதிலு வரல."

அதற்குப் பிறகு நாற்பத்தோரு நாள் இரண்டு தெருப் பெண்களும் நாரையும் வைக்கோலையும் பழம்புடவையையும் கடலில் விரித்து விரித்து எண்ணெயைப் பிழிந்து எடுத்தார்கள். தணிகாசலம் கரையில் நின்று உத்தரவு போட ஆரம்பித்தார். செல்வாம்பாள் அவர் தலையில் ஒரு கோணியை ஏற்றியதும் உத்தரவு நின்றது. அதோடு, படகுக்குப் பூசும் தாரைத் தவிர கோவிந்தசாமியிடமிருந்து யாரும் எதையும் எடுப்பதில்லை என்று இரண்டு தெருவும் முடிவு செய்தன. மிச்சத்தைக் கமலவேணி நாரில் ஒற்றிக் குழியில் புதைத்தாள். அடுப்புகள் சவுக்கு விறகுக்குத் திரும்பின. கண் எரிந்தது, ஆனாலும் செய்தி கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியிருக்கவில்லை.

1988 ஆகஸ்டில் அந்தச் சண்டை நின்றது. ரேடியோவில் சொன்ன அன்றே கோவிந்தசாமி காய்ந்துபோனான். இரண்டு தெருவிலும் பாயசம் வைத்தார்கள். கமலவேணி நான்கு வருஷம் கழித்து அவனைக் கட்டிப்பிடித்தாள். புடவையில் கறை படவில்லை. அவன் ஒரு பீடி பற்றவைத்தான். தெரு முழுக்கப் பத்தடி பின்னால் போய் நின்றது. ஒன்றும் ஆகவில்லை, இருமினான், அவ்வளவுதான்.

ஏழு மாதம் அப்படியே போனது. 89ஆம் வருஷம் பங்குனியில், நல்ல வெயில் நாளில், அவன் மறுபடியும் கசிந்தான். இந்தத் தடவை எண்ணெய் சில்லென்று வந்தது. நடுநடுவே பனிக்கட்டித் துணுக்குகள் வேறு. பூமியின் வடகோடியில், பனிக் கடலில், ஒரு கப்பல் பாறையில் ஏறி உடைந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அங்கே சண்டை எதுவும் இல்லையாம்.

"சண்டை இல்லாமலேவா?" என்று பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டே கேட்டான் கோவிந்தசாமி.

கமலவேணி கம்பளியை எடுத்துவந்து அவன் மடியில் போட்டாள். செல்வாம்பாள் கொல்லை வழியாக நார்க் கோணியோடு வந்தாள். புழுக்கம் தாங்காத அந்த நாட்களில், கிழக்குத் தெருக்காரர்களும் மேற்குத் தெருக்காரர்களும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வரிசையில் வந்து, அவன் முதுகில் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்துக் குளிரப்பண்ணிக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.